காத்திருக்கும் நாட்களில் கைக்கு ஒரு வேலை

கூட்டுறவு இதழில் கடன், பங்கு, கூலி, கொள்முதல் ஆகியவற்றைப் பற்றி எழுதுவதே வழக்கம். ஆஸ்பத்திரியைப் பற்றி எழுத இங்கு இடம் ஏது என்று வாசகர்கள் கேட்கலாம். சங்கங்களைப் பார்வையிடச் செல்லும் நாம் நூல் வழங்கும் பதிவேட்டைப் புரட்டிப் பார்க்கிறோம். ஓர் அங்கத்தினரின் பெயருக்கு நேரே மாதக்கணக்கில் நூல் வழங்கப்படாதிருந்தால் காரணம் கேட்கிறோம். "கண்ணில் புரை விழுந்திருக்கிறது", "குடலிறக்கம், மிதி மிதிக்க முடியவில்லை" என்று விடை கிடைக்கிறது. விவசாயச் சங்கங்களிலும் இதே கதைதான். டாக்டர் நாள் குறித்துக் கொடுத்தாரே, ஏன் போகவில்லை என்று மேலும் கேட்டால், பெரும்பாலும் விடை வருவதில்லை. பணமுடை சில வேளைகளில் காரணமாகலாம். எனினும் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் கண்புரைச் சிகிச்சை இலவசமாகவே நடைபெறுகிறது. அங்கும் போகாதவர்களைத் தடுத்து நிறுத்துவது அச்சமே அன்றி வேறில்லை.

அச்சப்படுவது குற்றமன்று. கத்தி தன் உடம்பில் படப் போகிறது என்று அறிந்த எவருக்கும் நெஞ்சு படபடக்கும். ஆனால் அந்த அச்சத்தோடு கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதா, அல்லது கைக்கு ஒரு சிறு வேலையைக் கொடுத்து அதன் வாயிலாக மனத்தை ஆற்றிக்கொள்வதா என்பது நம் கையில் இருக்கிறது. இதைக் குறித்துச் சில விளக்கங்களைத் தருவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அச்சம் உடலில் செய்வது

அச்சம் மனத்தோடு நின்றுவிடுவதில்லை. அபாயம் நெருங்குகிறது என்று மூளை கருதியவுடன் சிறுநீரகங்களின் மேல் அமைந்துள்ள சுரப்பிகள் அட்ரினலின், கார்ட்டிசால் என்னும் சுரப்புநீர்களை இரத்தத்தில் கலக்கின்றன. இதயம் விரைந்து துடிக்கிறது, இரத்த அழுத்தம் உயர்கிறது, மூச்சு மேலோட்டமாகிறது, தூக்கம் கெடுகிறது. காட்டு விலங்கு துரத்தும்போது ஓடித் தப்புவதற்கு இந்த ஏற்பாடு மிகவும் பயன்படும். ஆஸ்பத்திரிப் பெஞ்சியில் அமர்ந்து பெயர் கூப்பிடுவதை எதிர்பார்ப்பவருக்கோ இதனால் இடையூறே மிகுதி. சிகிச்சை நாளன்று இரத்த அழுத்தம் அளவுக்கு மிஞ்சியிருந்தால் டாக்டர்கள் அதை வேறொரு நாளுக்குத் தள்ளிவைப்பதும் உண்டு. இவ்வாறு தள்ளிப் போனவர்களுள் சிலர் மறுமுறை போவதே இல்லை.

நாள் தள்ளத் தள்ள நோய் காத்திருப்பதில்லை. புரை நன்றாக முற்றிய பிறகே எடுக்க வேண்டும் என்ற பழைய எண்ணம் இன்று பொருந்தாது. மிகவும் முற்றிய புரையை எடுப்பது கடினமாகிறது. குடலிறக்கமும் அவ்வாறே. இறங்கிய குடல் சிக்கிக்கொண்டால், நாள் பார்த்துச் செய்ய வேண்டிய சிகிச்சையை நள்ளிரவில் அவசரமாகச் செய்ய நேரிடும்.

கைவேலை எவ்வாறு ஆற்றுகிறது?

மனம் ஒரே வேளையில் இரண்டு பொருள்களை முழுமையாகப் பற்றிக்கொள்ள இயலாது. முடிச்சுகளை எண்ணிக்கொண்டிருப்பவர், அந்த எண்ணிக்கை தவறாதிருக்கும் வரையில், நாளை நடக்கப் போவதைப் பற்றிக் கற்பனை செய்ய இடம் குறைவு. அடுத்தபடியாக, ஒரே அசைவு மீண்டும் மீண்டும் வருகையில் மூச்சும் அதனோடு இசைந்து சீர்ப்படுகிறது. மூச்சு சீர்ப்பட்டால் இதயத் துடிப்பும் தணிகிறது. மூன்றாவதாக, நோயாளி என்ற நிலையில் எல்லாக் காரியங்களையும் பிறரே தீர்மானிக்கிறார்கள். எப்போது உண்பது, எப்போது படுப்பது என்பதுகூட நம் வசத்தில் இல்லை. கையில் உள்ள சிறு வேலை ஒன்றுதான் அப்போது முழுவதும் நம் வசத்தில் இருக்கிறது. ஒரு சாண் பின்னி முடித்தால் அது முடிந்ததுதான்.

இது வெறும் நம்பிக்கை அன்று. அமெரிக்காவில் டிரெக்ஸல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிரிஜா கைமல் என்னும் ஆராய்ச்சியாளரும் அவருடன் பணியாற்றியவர்களும் 2016 இல் ஒரு சோதனையின் முடிவுகளை வெளியிட்டனர். 39 பேர் களிமண், காகிதம், வண்ணக்கோல் முதலியவற்றைக் கொண்டு 45 நிமிஷம் விருப்பம்போல் கைவேலை செய்தனர். முன்னும் பின்னும் அவர்களுடைய உமிழ்நீரில் கார்ட்டிசால் அளக்கப்பட்டது. ஏறத்தாழ முக்கால் பங்கினருக்கு அதன் அளவு குறைந்திருந்தது. அவர்களுள் பலர் அத்தகைய வேலையில் பழக்கம் உடையவர்கள் அல்லர். ஆயினும் பயன் கிட்டியது. இச்சோதனை சிறியது, சிகிச்சைக்குக் காத்திருப்பவர்களை வைத்துச் செய்ததும் அன்று. ஆகவே இதைக் கொண்டு மிகையாக எதுவும் கூறலாகாது. எனினும் நம் பாட்டிமார் அநுபவத்தில் கண்டதற்கு இது அரண் செய்கிறது.

வைத்தியர்கள் கண்ட வழி

கைத்தொழிலை நோயாளியின் படுக்கைக்குக் கொண்டு செல்வது புதிய யோசனை அன்று. அமெரிக்காவில் சூசன் டிரேசி என்ற செவிலியர், படுக்கையில் உள்ளவர்களுக்கேற்ற கைவேலைகளை விளக்கி 1910 இல் ஒரு நூலே வெளியிட்டார். ஜார்ஜ் பார்ட்டன் என்பவர் கட்டடக் கலைஞர். க்ஷயத்தாலும் பின்னர் ஏற்பட்ட உடற்செயலிழப்பாலும் துன்புற்ற அவர், தொழில் செய்தே தம்மைத் தேற்றிக்கொண்டார். 1917 மார்ச்சில் நியூயார்க் மாநிலத்தின் கிளிப்டன் ஸ்பிரிங்ஸ் என்னும் ஊரில் அவர் இல்லத்தில் சிலர் கூடி ஒரு சங்கம் அமைத்தனர். தொழில்வழிச் சிகிச்சை என்னும் துறை அதிலிருந்து வளர்ந்தது. நம் தேசத்தில் கமலா நிம்ப்கர் அம்மையார் 1950 இல் பம்பாய் கே.இ.எம். ஆஸ்பத்திரியில் இத்துறைக்குப் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார்.

வேலூரில் நடந்ததும் நினைவுகூரத் தக்கது. கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பால் பிராண்டு, தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை நிமிர்த்தும் அறுவைச் சிகிச்சையை 1940களின் இறுதியில் செய்யத் தொடங்கினார். கத்தியின் வேலை பாதிதான். சிகிச்சைக்கு முன்பும் பின்பும் விரல்களைப் பழக்கினால்தான் அது பயன் தரும். சிகிச்சை பெற்றவர்கள் தங்கித் தச்சு வேலையும் மரப்பொம்மை செய்தலும் கற்பதற்காகப் பின்னர் நவஜீவ நிலையம் என்னும் இல்லம் அங்கே ஏற்பட்டது. பிச்சைக்கு நீண்ட கை அங்கே உளி பிடித்தது.

காந்தியடிகளும் இதற்குச் சான்று தருகிறார். 1919 ஆம் ஆண்டை ஒட்டிய நாட்களில் அவர் பம்பாயில் நோயுற்றுப் படுக்கையில் இருந்தார். டாக்டர் தலால் அவருக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். பம்பாயில் அவர் படுத்திருந்த அறையில் இராட்டை சுழன்றது. அதன் ஓசை தாம் குணமடைய உதவியது என்றும், உடலைக் காட்டிலும் உள்ளத்தின் மேலேயே அது வேலை செய்திருக்கும் என்றும் தம் சுயசரிதையில் அவர் எழுதியிருக்கிறார். அந்நாளில் அவர் அதிகமாக நூற்கவும் இல்லை. இராட்டையின் சீரான ஓசையே துணையாயிற்று.

நெசவாளருக்கு எழும் ஐயம்

இங்கே நம் அங்கத்தினர்கள் நியாயமான ஒரு கேள்வியை எழுப்புவார்கள். "எழுத்து வேலை செய்பவர்களுக்கு இது சரி. விடிந்தது முதல் பொழுது சாயும் வரை கையால் உழைக்கிற எங்களுக்குக் கைவேலை எப்படி ஓய்வாகும்?" என்பார்கள்.

இக்கேள்விக்கு நேரான விடை சொல்ல வேண்டும். கூலிக்கு நெய்யும் தறி அமைதியைத் தருவதன்று. பாவு முடிய வேண்டும். இழை அறுந்தால் பிணைக்க வேண்டும். குறை விழுந்தால் கூலியில் பிடித்தம் உண்டு. வயலும் அப்படித்தான், மடை திறந்தால் தண்ணீர் காத்திருக்காது. ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் பாவை முடித்துவிட வேண்டும் என்று முன்னாள் இரவு இரண்டு மணி வரை தறியில் உட்காருபவர்களை நாம் கண்டிருக்கிறோம். அவர்கள் சிகிச்சைக்குச் செல்லும்போது களைத்து, தூக்கம் கெட்டு, முன்னிலும் அதிகப் பதற்றத்தோடு செல்கிறார்கள். நாம் கூறும் கைவேலை இதற்கு நேர்மாறானது. அதற்குக் கூலி இல்லை, கெடு இல்லை, குறை விழுந்தால் கேட்பாரும் இல்லை. தொழிலில் தேறிய அதே விரல்கள், பொறுப்பு இல்லாத ஒரு சிறு வேலையில் இறங்குவதுதான் ஓய்வு.

இதை நமக்கு விளக்கியவர் புத்தகம் படித்தவர் அல்லர். ஒரு நெசவாளர் சங்கத்தில் அறுபது வயதை நெருங்கிய அம்மையார் ஒருவர். கணவர் நெய்யும் சேலைகளுக்குத் தார் சுற்றியும் முந்தானைக் குஞ்சம் முடிந்தும் வந்தவர். இரு கண்களிலும் புரை. இருமுறை நாள் குறிக்கப்பட்டும் அவர் போகவில்லை. காரணம் கேட்டோம்.

"மயக்கம் கொடுக்க மாட்டார்களாமே, ஐயா. கத்தி கண்ணுக்குள் போகும்போது நான் விழித்துக்கொண்டே இருக்க வேண்டுமாமே!" என்றார்.

கண்புரைச் சிகிச்சையில் பெரும்பாலும் கண் மாத்திரமே மரக்கச் செய்யப்படுகிறது. நோயாளி விழித்திருப்பார், வலி தெரியாது, கூசும் ஒளி தெரியும், தலையை அசைக்கலாகாது. அம்மையார் அறிந்தது உண்மைதான். அவரைத் தேற்றுவதற்கு நம்மிடம் நல்ல வார்த்தை எதுவும் அப்போது அகப்படவில்லை. மூன்றாவது நாள் குறிக்கப்பட்டபோது அவரே ஒரு வழி கண்டார். கழிவு நூலைக் கத்தையாக எடுத்துக் காலையிலும் மாலையிலும் குஞ்சம் முடியத் தொடங்கினார். விற்பதற்கு அன்று, முடிந்ததை அவிழ்த்து மறுபடி முடிவார். பார்வை மங்கலாதலால் கண்ணை மூடிக்கொண்டே விரலால் தடவி முடிந்தார். ஒரு மூச்சுக்கு ஒரு முடிச்சு என்று எண்ணிக்கொண்டார். பத்து நாட்கள் இவ்வாறு செய்துவிட்டு மருமகளுடன் ஆஸ்பத்திரிக்குச் சென்றார்.

பின்னொரு முறை நாம் சென்றபோது அவர் கூறியது: "உள்ளே நூல் எடுத்துப் போக விடவில்லை, ஐயா. துணிக்குள்ளே கையை வைத்துக்கொண்டு மனசுக்குள்ளேயே முடிந்தேன். முந்நூறு முடிச்சு எண்ணியிருப்பேன். 'எழுந்திருங்கள் பாட்டி, முடிந்துவிட்டது' என்று அந்தப் பெண் சொன்னாள். பயம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் எண்ணிக்கை தப்பவில்லை."

கைவேலையினால் அச்சம் அறவே நீங்கிவிடும் என்று எவரும் எண்ண வேண்டாம். அச்சத்தோடு கூடவே இருந்து, அது நம்மை இழுத்துச் செல்லாதபடி பிடித்துக்கொள்ள ஓர் இழை கிடைக்கிறது. அம்மையார் கண்டது அதுவே. நூல் வெளியில் நின்றுவிட்டாலும் விரல் கற்ற எண்ணிக்கை உள்ளே வந்தது.

எத்தகைய வேலையைத் தேர்வது?

நான்கு இலக்கணங்கள் அமைந்த வேலை நன்று. முதலாவது, முன்பே கை பழகியதாக இருக்க வேண்டும். புதிதாகக் கற்பதாயின் மிக எளியதாக இருக்க வேண்டும். இரண்டாவது, எந்த நிமிஷத்திலும் நிறுத்தக்கூடியதாகவும், மீண்டும் எடுத்தால் தொடரக்கூடியதாகவும் இருக்க வேண்டும். மூன்றாவது, மடியில் அடங்க வேண்டும். நான்காவது, கெட்டுப்போனால் நஷ்டம் இல்லாததாக இருக்க வேண்டும்.

நெசவாளர் குடும்பத்தினர்க்குக் குஞ்சம் முடிதல், சிக்கு நூலைப் பிரித்து உருண்டையாகச் சுற்றுதல், தக்ளியில் நூற்றல் ஆகியவை ஏற்றவை. விவசாயிகளுக்கு விதை பொறுக்குதல், பூத்தொடுத்தல், பனையோலைப் பெட்டி முடைதல், கயிறு திரித்தல் ஆகியவை கைவந்தவை. எல்லோருக்கும் பொதுவாக ஒயர் கூடை பின்னுவதைச் சொல்லலாம். அதில் தூசி இல்லை, கூர்முனைக் கருவி வேண்டியதில்லை, கழுவித் துடைக்கலாம். ஆகவே ஆஸ்பத்திரிக்கும் அது உகந்தது.

நாள் குறித்த அன்றைக்கே தொடங்குவது நல்லது. கடைசி நாளில் தொடங்கினால் விரலுக்கும் மூச்சுக்கும் இசைவு ஏற்படாது. காலையில் கால் மணி, மாலையில் கால் மணி போதும். ஒரே இடத்தில், ஒரே வேளையில் செய்வது சிறந்தது. மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டியதில்லை. வெளிவிடும் மூச்சு நீண்டிருந்தால் போதும். முன்னாள் இரவு வேலையை விரைவில் முடித்துவிட்டுப் படுக்க வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

கைவேலை சிகிச்சைக்குத் துணை, மாற்று அன்று. குஞ்சம் முடிந்தால் புரை கரையாது. மனம் அமைதியாகிவிட்டது, ஆகவே ஆஸ்பத்திரி வேண்டாம் என்று எண்ணுவது பேதைமை.

கண் சிகிச்சைக்குப் பின் பஞ்சுத் தும்பும் தூசியும் கண்ணில் படலாகாது. எனவே நூற்றலையும் தார் சுற்றுதலையும் தறியையும் டாக்டர் அநுமதிக்கும் வரை நிறுத்தி வைக்க வேண்டும். களத்து மேட்டுத் தூசிக்கும் இது பொருந்தும். ஈர்க்கு, ஊசி போன்ற கூரிய பொருள்களையும் தவிர்க்க வேண்டும். வயிற்றில் சிகிச்சை பெற்றவர்கள் மிதி மிதிப்பதும், மூட்டை தூக்குவதும், நீர் இறைப்பதும் டாக்டர் சொல்லும் நாள் வரை கூடாது. அந்நாட்களில் மடியில் வைத்துச் செய்யும் இலேசான வேலையே பொழுதைப் போக்கும்.

மருந்து செலுத்தும் ஊசியைப் புறங்கையில் பொருத்துவது வழக்கம். எந்தக் கை தொழில் செய்யும் கை என்பதைச் செவிலியரிடம் முன்னதாகச் சொன்னால், இயலுமாயின் மற்றக் கையில் பொருத்துவார்கள். விரல் நுனியில் ஒரு சிறு கருவியை மாட்டி இரத்தத்தில் உள்ள பிராணவாயுவை அளப்பார்கள். அது விரலின் வழியே ஒளியைச் செலுத்தி அளக்கும் கருவி. நகப்பூச்சும் மருதாணியும் அதற்கு இடையூறாகலாம். சாயப் பட்டறையில் உழைத்து நகமெல்லாம் சாயம் ஏறியவர்கள் இதை டாக்டரிடம் தெரிவிப்பது நலம். எத்தனை மணிக்கு மேல் உண்ணலாகாது என்ற கட்டளையை எழுத்தாகக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். வேலையின் நினைவில் ஒரு வாய்க் காபி குடித்துவிட்டால் சிகிச்சை தள்ளிப் போகும்.

தாங்க முடியாத வலியோ, காய்ச்சலோ, மூச்சுத் திணறலோ இருக்கும்போது கைவேலையைத் தேட வேண்டாம். அப்போது தேட வேண்டியது டாக்டரை.

சங்கங்கள் செய்யக்கூடியவை

இவ்விஷயத்தில் சங்கத்திற்கும் பங்கு உண்டு. அதிகச் செலவு ஏதும் இல்லை. சிகிச்சைக்கு நாள் குறிக்கப்பட்ட அங்கத்தினருக்கு அந்நாள் தாண்டி முடியக்கூடிய புதிய பாவைக் கொடுக்காதிருக்கலாம். தறியில் பாதியில் நிற்கும் பாவை மற்றோர் அங்கத்தினர் ஏற்று முடிப்பதற்கு ஏற்பாடு செய்யலாம். அவரவர் நெய்த அளவுக்குக் கூலியைப் பிரித்துப் பதிவு செய்தால் தகராறு எழாது. திரும்பி வந்தவுடன் தறி தமக்குக் கிடைக்கும் என்ற உறுதி ஒருவருக்கு எவ்வளவு நிம்மதியை அளிக்கும்! கழிவு நூலில் ஒரு கட்டை அவருக்கென்று ஒதுக்கிக் கொடுக்கலாம். முன்பு அதே சிகிச்சை பெற்ற அங்கத்தினர் ஒருவரை அவர் வீட்டுக்கு அனுப்பி, நடந்ததை நடந்தபடி சொல்லச் செய்யலாம். இருவரும் பேசிக்கொண்டே குஞ்சம் முடிந்தால் இன்னும் நல்லது.

ஒருவர் சுமையைப் பலர் பகிர்ந்துகொள்வதே கூட்டுறவு என்று மகாசபைதோறும் பேசுகிறோம். சிகிச்சை அறைக்குள் ஒருவர் தனியாகத்தான் போக வேண்டும். அதைப் பகிர்ந்துகொள்ள இயலாது. அந்த வாசல் வரையில் உள்ள நாட்களைப் பகிர்ந்துகொள்ளலாம். நூல் வழங்கும் பதிவேட்டில் வெற்றிடமாக உள்ள பெயர்களைக் காரியதரிசிகள் இம்மாதமே ஒருமுறை பார்ப்பார்களாக. அவற்றுள் எத்தனை பெயர்களுக்குப் பின்னால் குறித்த நாளைத் தவறவிட்ட ஒரு சீட்டு மடித்து வைக்கப்பட்டிருக்கிறது என்பதை விசாரித்து அறிவார்களாக.